எதிராளி இல்லாத ஆடுபுலி

சதுரங்கத்திற்கு இன்று தமிழ் நாட்டில் நல்ல காலம். 1988-ஆம் ஆண்டில் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2022-ல் மாமல்லபுரத்தில் உலக நாடுகளின் ஆட்டக்காரர்கள் வந்து கூடினார்கள். 2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டம் பெற்றார். இதில் நமக்குப் பெருமை உண்டு, சந்தேகமில்லை. மன்னார்குடிக்கு அருகே திருப்பூவனூரில் சுவாமிக்கே சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம் இருக்கும் நாடல்லவா இது! ஆனால் அதே நாட்டில், அதே கோயில்களின் மண்டபக் கல்லிலே செதுக்கிக் கிடக்கும் இன்னொரு யுத்தக் களத்தின் மீது நாம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம். அதுதான் ஆடுபுலி ஆட்டம்.

சதுரங்கத்தில் இரு தரப்பிற்கும் ஒரே சேனை, ஒரே பலம். ஆடுபுலியில் அப்படியில்லை. ஒரு பக்கம் மூன்று புலிகள். மறு பக்கம் பதினைந்து ஆடுகள். புலிக்கு வெட்டத் தெரியும், ஆட்டிற்குத் தெரியாது. ஆட்டிற்கு எண்ணிக்கை உண்டு, புலிக்கு இல்லை. புலியின் நோக்கம் தின்பது. ஆட்டின் நோக்கம் புலி அசைய முடியாதபடி சுற்றி நின்று கட்டுவது. உலகத்தில் நடந்த நிஜ யுத்தங்களில் இரு தரப்பும் சமமாக இருந்தவை எத்தனை? எங்கள் குறிஞ்சிப்பாடியிலிருந்து அதிக தூரமில்லாத பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியின் பெருஞ்சேனையை ஐர் கூட் எதிர்த்து நின்றபோது, எண்ணிக்கை ஒரு பக்கமும் கட்டுப்பாடும் கடலில் நின்ற கப்பலின் பீரங்கியும் மறு பக்கமும் இருந்தன. அன்று வென்றது சிறிய சேனை. ஆடுபுலிக் கட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தைப் பாடம் சொன்னால் பிள்ளைகளுக்கு அது சட்டென்று விளங்குகிறது.

இந்த ஆட்டம் தெலுங்கு நாட்டில் புலி ஜூதம் என்றும், நேபாளத்தில் சற்று வேறு உருவத்தோடு பாக் சால் என்றும் வழங்குகிறது. ஹம்பியின் பாறைகளிலும் மண்டபத் தளங்களிலும் இதன் கட்டங்களைக் காணலாம். குறிஞ்சிப்பாடியில் இதற்குக் கல்வெட்டுக் கட்டம் தேவைப்பட்டதில்லை. திண்ணையில் ஒரு கரித்துண்டால் கோடு கிழித்தால் முடிந்தது. கைத்தறிக்குப் பேர் போன ஊர். பாவு தோய்த்துக் காயப் போட்டுவிட்டு வெயிலுக்குக் காத்திருக்கும் நேரம் ஆட்டத்திற்கு ஏற்ற நேரம். மூன்று முந்திரிக்கொட்டை புலியாகும். பதினைந்து புளியங்கொட்டை ஆடாகும். இப்போது திண்ணைகளை இடித்து வண்டி நிறுத்த இடம் செய்துவிட்டார்கள். கோயில்களிலோ, திருப்பணி என்ற பெயரால் பழைய கல்தளத்தின் மேல் பளபளக்கும் புதுக்கல் பாவிய இடங்களில் கட்டம் அடியோடு மறைந்தது. களம் போன பிறகு ஆட்டக்காரர்கள் எங்கே இருப்பார்கள்? "எனக்கு ஆட ஆசைதான், எதிரே உட்கார ஆளில்லையே" என்று சொல்பவர்களையே எங்கும் காண்கிறோம்.

ஆளில்லாமலே கற்கலாம், ஆளில்லாமலே ஆடலாம் என்று சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

இது புதுமையான யோசனையன்று. மேல் நாட்டில் பலகையின் மீது யுத்தம் நடத்துவது ஒரு பெரிய சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-ல் அரசருக்குக் காட்டிய யுத்த விளையாட்டை அவருடைய குமாரர் திருத்தி அமைக்க, 1824-ல் அதைப் பிரஷ்ய ராணுவமே தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆட விதிகள் வகுத்து 1913-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் 1954-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'டாக்டிக்ஸ்' என்ற ஆட்டத்திற்குப் பிறகு இது வீட்டு மேஜைக்கு வந்தது. 1985-ல் வெளியான 'அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்' என்ற ஆட்டத்தின் விதிப் புத்தகத்தைப் பார்த்தால் வக்கீல்களே மலைப்பார்கள். அறுகோணக் கட்டங்கள், அட்டைத் துண்டில் சிப்பாய்கள், பகடை, புகைக்கு ஒரு விதி, மதில் ஏறுவதற்கு ஒரு விதி! இவ்வளவையும் கற்றுக்கொண்ட இன்னொருவர் அதே ஊரில் கிடைப்பாரா? ஆகவே இரு பக்கத்தையும் தாமே ஆடுபவர்கள் அங்கே ஏராளம். ஒற்றை ஆளுக்கென்றே 1983-ல் 'ஆம்புஷ்' என்று ஓர் ஆட்டம் செய்தார்கள்; அதில் எதிரியின் நடவடிக்கைகளை ஒரு புத்தகம் சொல்லும்.

நமது ஆடுபுலிக்கோ விதி நான்கு வரியில் அடங்கும். முதலில் கட்டத்தைப் போடுவோம். வாசகர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்வது நலம்.

உயரமான முக்கோணம் ஒன்று வரையுங்கள். உச்சியிலிருந்து அடிக்கோடு வரை உள்ளே இன்னும் இரண்டு கோடுகள் இழுங்கள். ஆக, உச்சியிலிருந்து இறங்குபவை நான்கு கால்கள். இவற்றைக் குறுக்கே வெட்டி, இரு புறமும் சற்று வெளியே நீளும்படி மூன்று படுக்கைக் கோடுகள் போடுங்கள். வெளியே நீட்டிய நுனிகளை இடப்புறம் ஒரு செங்குத்துக் கோட்டாலும் வலப்புறம் ஒன்றாலும் சேர்த்துவிடுங்கள். உச்சி 1, மூன்று வரிகளிலும் வரிக்கு 6, அடிவரியில் 4. மொத்தம் 23 புள்ளிகள். உச்சியிலும், முதல் வரியின் நடுவில் உள்ள இரண்டு புள்ளிகளிலும் புலிகளை உட்கார வைக்க வேண்டும். ஆடு ஒவ்வொன்றாக இறங்கும். ஓர் ஆடு இறங்கியதும் ஒரு புலி ஓரடி நகரும். பதினைந்தும் இறங்கித் தீரும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது. அடுத்த புள்ளியில் ஆடும், நேர்கோட்டில் அதற்கு அப்பால் காலி இடமும் இருந்தால் புலி தாண்டி வெட்டும். ஊருக்கு ஊர் சில்லறை வித்தியாசம் உண்டு. நாம் ஆடும் முறை இது.

புதிதாகக் கற்பவர்கள் ஆட்டை நடுவில் இறக்குவார்கள். முதல் வரியில் புலிக்குப் பக்கத்தில் இறக்கினால் அடுத்த விநாடி அது புலியின் வயிற்றில். இரண்டு மூன்று ஆட்டம் இப்படித் தோற்றவுடன், "இது புலிக்குச் சாதகமான ஆட்டம்" என்று தீர்ப்புக் கூறிக் காகிதத்தைச் சுருட்டி விடுவார்கள். எதிரே ஒரு கெட்டிக்காரர் உட்கார்ந்திருந்தால் இந்தத் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் வரும். தனியாக ஆடுபவருக்கு இங்கேதான் ஒரு சௌகரியம். அவரை அவசரப்படுத்துவார் யாருமில்லை. காலிக் கட்டத்தை வெறுமனே பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படிப் பார்த்தால் என்ன தெரிகிறது?

புலி வெட்ட வேண்டுமானால் ஆட்டிற்கு முன்னும் பின்னும் ஒரே கோட்டில் புள்ளிகள் இருக்க வேண்டும். கோடு முடிகிற இடத்தில் நிற்கும் ஆட்டை எப்படித் தாண்டுவது? முதல் வரியின் இரு நுனிகள், மூன்றாம் வரியின் இரு நுனிகள், அடிவரியின் இரு நுனிகள்: இந்த ஆறு மூலைகளிலும் இறங்கிய ஆட்டைப் பிரம்மாவே வந்தாலும் வெட்ட முடியாது. உச்சியும் அப்படிப்பட்ட புள்ளிதான். ஆனால் அதில் புலி உட்கார்ந்திருக்கிறது. சரி, ஆறு மூலையும் நிறைந்தது. அடுத்தது எங்கே? அடிவரியின் நடுப் புள்ளிகளைப் பாருங்கள். அங்கே நிற்கும் ஆட்டை அடிவரியின் வழியாக மட்டுமே வெட்ட முடியும். நுனியில் நம் ஆடு நிற்பதால் அந்த வழியும் அடைபட்டது. இடப்புற, வலப்புறச் செங்குத்துக் கோடுகளின் நடுப் புள்ளிகளுக்கும் இதே நியாயம். பத்து ஆடுகள் பத்திரம்! அவற்றின் மேல் முதுகைச் சாய்த்து மூன்றாம் வரியின் நடுவில் நான்கு, பதினான்கு. இரண்டாம் வரியில், ஓர ஆட்டை ஒட்டி இன்னொன்று, பதினைந்து. ஒன்றுகூடச் சாகாமல் முழு மந்தையும் இறங்கிவிட்டது.

புலி இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? இராது. பதினைந்தாவது ஆடு இறங்குவதற்குள் புலிகளுக்குப் பதினான்கு அடிகள் உண்டு. கெட்டிக்காரப் புலி நேரே ஓரத்திற்கு வந்து, ஆடு நிற்க வேண்டிய புள்ளியில் தான் குந்திக்கொள்ளும். சுவரில் ஒரு செங்கல் குறைந்தால் பக்கத்துச் செங்கல் ஆடும். ஆனால் ஓரத்திற்கு வந்த புலிக்கு ஓர் ஆபத்து காத்திருக்கிறது. மூன்று புலிகளும் ஆரம்ப இடத்திலேயே நின்றால் அவற்றைக் கட்ட 10 ஆடுகள் வேண்டும், போட்டுப் பாருங்கள். அதே மூன்றும் இடப்புறச் செங்குத்துக் கோட்டில் வரிசையாக நின்றுவிட்டால் 6 ஆடுகள் போதும்! மூலையில் ஒதுங்கிய ஒற்றைப் புலிக்கு நாலே ஆடு. மந்தையைக் கலைக்க ஓரத்திற்கு வந்தாக வேண்டும், வந்தால் சிறைப்படலாம். நடுவில் நின்றால் சுதந்திரம். ஆனால் தின்ன ஒன்றும் கிடைக்காது. இந்த இக்கட்டுத்தான் ஆட்டத்தின் உயிர் என்பது நமது அபிப்பிராயம்.

மந்தை பத்திரமாக இறங்கிவிட்டால் ஜயம் ஆட்டிற்குத்தானே என்று கேட்கலாம். அங்கேதான் உண்மையான யுத்தம் தொடங்குகிறது. இறங்கின ஆடுகள் இனி நகர வேண்டும். "நான் இப்படியே நிற்கிறேன்" என்று சொல்ல விதியில் இடமில்லை. ஆடு ஓரடி முன்னே வைத்தால் அது விட்டு வந்த புள்ளி அதன் முதுகுக்குப் பின்னே காலியாகிறது. அதே கோட்டில் எதிரே புலி இருந்தால் கதை முடிந்தது. ஆகவே நேர் எதிரே புலி இல்லாத இடமாகப் பார்த்து அடி வைக்க வேண்டும். வைத்த மறு முறையே பின்னால் உள்ள பள்ளத்தை இன்னோர் ஆட்டால் நிரப்ப வேண்டும். சொல்வது சுலபம். மூன்று புலிகளும் நடுவில் உலவிக்கொண்டு, எந்தப் பக்கம் சுவர் அசைகிறது என்று பார்த்திருக்கையில் செய்வது சுலபமன்று. பொறுமை இழந்து இரண்டு அடி முன்னேறிய மந்தை நாலைந்து ஆட்டைப் பறிகொடுக்கும்.

அப்படியானால் இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் யார் ஜெயிப்பார்கள்? நேபாளத்து ஆட்டத்திற்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கிறது. அதில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம் யூ ஜின் என்பவரும், யூர்க் நீவர்கெல்ட் என்ற ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பேராசிரியரும் கணினியைக் கொண்டு ஆராய்ந்து, இருவரும் சரியாக ஆடினால் ஆட்டம் சமமாகத்தான் முடியும் என்று நிரூபித்தார்கள். அது 2009-ல் அச்சில் வந்தது. புலிக்குச் சாதகம் என்று காகிதத்தைச் சுருட்டுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். நம் கட்டம் வேறுதான். இருந்தாலும் இரண்டும் ஒரே குடும்பம்.

இனி, ஒருவரே இரு பக்கமும் ஆடுவதில் உள்ள சங்கடத்திற்கு வருவோம். சீட்டாட்டம் போல இதில் கையில் மறைத்து வைப்பது ஒன்றுமில்லை; எல்லாம் கட்டத்தின் மீது பட்டவர்த்தனமாகக் கிடக்கிறது. ஒற்றை ஆளுக்கு ஏற்றது என்பதற்கு அதுவே காரணம். மறைவாக இருப்பது ஒன்றே ஒன்று: எண்ணம். ஆட்டை நகர்த்தியவன் நானே ஆகையால், அது ஏன் நகர்ந்தது என்று புலிக்கும் தெரிந்து போகிறது. அதைவிடப் பொல்லாதது பட்சபாதம். மனிதன் எந்தப் பக்கத்தை நேசிக்கிறானோ அந்தப் பக்கத்திற்கு நன்றாக யோசிக்கிறான். மறு பக்கத்திற்கு ஏதோ ஒன்றை நகர்த்திவிட்டு, "பார், ஜெயித்துவிட்டேன்" என்கிறான். இதற்கு நாம் கண்ட உபாயங்கள் உண்டு.

எளிது, இடைவெளி விடுவது. காலையில் பள்ளிக்குப் புறப்படும் முன் ஆட்டிற்கு ஒரு முறை. மாலையில் வந்ததும் புலிக்கு ஒரு முறை. நடுவே எட்டு மணி நேரம் பிள்ளைகளோடு மன்றாடியவனுக்குக் காலையில் என்ன நினைத்தோம் என்பது ஞாபகம் இருக்கவே இராது! புலி புதிய கண்ணோடு பார்க்கும். ஓர் ஆட்டம் முடிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், ஆகட்டுமே. கட்டம் மேஜை மேல் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வீட்டில் பெருக்குகிறவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

புலியைச் சோழியிடம் ஒப்படைத்துவிடுவது மற்றொன்று. புலிக்கு நாமே ஒரு சட்டம் எழுதுகிறோம். வெட்ட முடிந்தால் வெட்டும். வெட்டு இரண்டு இருந்தால் எது என்று சோழி சொல்லும். வெட்டு இல்லையேல் அடுத்த முறை வெட்டக் கூடிய இடத்திற்கு நகரும். அதுவும் இல்லையேல் அதிக வழிகள் திறந்திருக்கும் புள்ளிக்குப் போகும். சமமாக இருக்கும் போதெல்லாம் சோழி. இந்தப் புலி மகா புத்திசாலி அன்று. ஆனால் நாம் அன்பு காட்டி விட்டுக்கொடுக்க முடியாத புலி. ஆடுகளை நடத்தக் கற்பதற்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆரம்பக்காரர்கள் முதல் ஒரு மாதம் இதோடு ஆடலாம். பிறகு சலித்துவிடும், கண்ட ஆட்டையெல்லாம் வெட்டும் பேராசைக்காரப் புலியை எப்படி மூலைக்கு இழுப்பது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வழியை நமக்குக் காட்டியவர் நம் அத்தை. வயது எண்பதைத் தாண்டியவர். மாமா இருந்தவரையில் இருவரும் சாப்பாட்டிற்குப் பின் ஆடுவார்கள். மாமா எப்போதும் புலி. அவர் காலமான பிறகு பலகையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருந்தோம். 2020-ல் ஊரடங்கு வந்து, ஒருவர் வீட்டிற்கு ஒருவர் போக முடியாமல் இருந்து, ஒருவாறு தளர்ந்த பிறகு பார்க்கப் போனால், கூடத்தில் பலகை கிடக்கிறது; ஆடு பாதி இறங்கியிருக்கிறது. எதிரே மாமாவின் மணை.

"யாரோடு ஆடுகிறீர்கள், அத்தை?" என்று கேட்டோம்.

"உங்க மாமாவோடுதான்" என்றார், வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஒரு புலிக்கு வெட்டு இருந்தது. அத்தை வெட்டவில்லை, வேறு புலியை நகர்த்தினார். வெட்டு இருக்கிறதே என்று சுட்டிக்காட்டினோம். "இருக்கு. அவர் அதை எடுக்க மாட்டார். எடுத்தா அந்த மூலையிலே மாட்டிக்கணும்னு அவருக்குத் தெரியும். அவசரமாத் தின்னு நான் பார்த்ததே இல்லே" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் ஜெயிக்கணும்னு அவரைத் தப்பா ஆட விட்டா அது அவரில்லையே, அப்பா" என்றார்.

அன்று அந்த ஆட்டத்தில் மாமா ஜெயித்தார். அத்தை புளியங்கொட்டைகளை எண்ணி டப்பாவில் போட்டபோது முகத்தில் தோற்றவரின் எரிச்சல் நிஜமாகவே இருந்தது.

பட்சபாதத்திற்கு இதைவிட நல்ல மருந்து நமக்குத் தெரியாது. 'புலி என்ன செய்யும்' என்று பொதுவாகக் கேட்டால் மனம் நமக்கு வேண்டியதைச் சொல்கிறது. 'இன்னார் என்ன செய்வார்' என்று கேட்டால் மனம் அடங்கி யோசிக்கிறது. நாமும் ஒருவரை வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தோம். கல்லூரியில் நம்மோடு படித்தவர்; எப்போதும் உச்சிப் புள்ளியை விட்டு நகரமாட்டார். அவருடைய புலியைக் கட்டுவதற்கு நமக்கு மூன்று வாரம் ஆயிற்று.

குறிப்பு எழுதும் பழக்கம் கட்டாயம் வேண்டும். எதிராளி இருந்தால் அவர் ஞாபகம் வைத்திருப்பார். தனி ஆளுக்கு நோட்டுப் புத்தகம்தான் சாட்சி. வரிக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண், இடமிருந்து வலம். உதாரணமாக 2-3 என்றால் இரண்டாம் வரியில் மூன்றாம் புள்ளி. உச்சிக்கு 'உ', அடிவரிக்கு 'அ'. ஆட்டம் முடிந்த பின் எந்த அடியில் கெட்டது என்று திரும்பிப் பார்க்கலாம். நம் வகுப்பில் சில பிள்ளைகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதி, ஆளுக்கு ஓர் அடியாக நாள் முழுதும் கைமாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டோம். பறிமுதல் செய்யவில்லை.

எத்தனை ஆடு போனால் புலிக்கு ஜயம் என்பதில் ஊர்களுக்குள் ஓயாத வழக்கு இருக்கிறது. நாம் ஆறு என்று வைத்துக்கொள்கிறோம். ஆறு போனால் மிச்சம் ஒன்பது. நடுவில் நிற்கும் புலிகளைக் கட்ட வேண்டிய பத்து அதில் இல்லை. ஐந்து போய் மிச்சம் சரியாகப் பத்து இருக்கும் கட்டத்தில்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. அத்தகைய ஒரு நிலையைத் தருகிறோம். வாசகர்கள் தங்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும். புலிகள்: உ, 1-3, 1-4. ஆடுகள்: 1-1, 1-2, 1-5, 2-2, 2-3, 2-4, 2-5, 2-6, 3-3, 3-4. அடுத்த முறை புலிக்கு ஒரு வெட்டு காத்திருக்கிறது. ஆனால் இப்போது ஆட்டின் முறை. ஒரே அடியில் மூன்று புலிகளும் கட்டுண்ண வேண்டும்.